கைக்கு அடங்கும் பைப்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர். திருவாரூர், மன்னார்குடி பக்கம் எழுபது, எண்பதுகளில் மாடி எடுத்த வீடுகளில் நிறைய இப்படித்தான் இருக்கும். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, மேலே சிவப்பு சிமென்ட் போட்டு வழவழவென்று தேய்த்திருப்பார்கள். பூச்சோடு சேர்ந்து அகலம் ஐந்தரை, ஆறு அங்குலம் வந்துவிடும். வெளியே விழாமல் காப்பாற்றும், அதில் குறையில்லை. ஆனால் அதைப் பிடிக்க முடியாது. உள்ளங்கையை மேலே வைத்துத் தேய்த்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். கால் இடறினால் விரல் மடங்கிப் பற்றிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது.

கால் நன்றாக இருக்கும்வரை இது யாருக்கும் தெரிவதில்லை. என் மாமியாருக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆன பிறகுதான் மாடிப்படி எங்கள் வீட்டில் ஒரு பேச்சாக ஆனது. "அம்மா கட்டிலைக் கீழ போட்டாச்சு, மாடிக்கு எதுக்குப் போகணும்?" என்றார் இவர். அத்தைக்கு மாடியில்தான் எல்லாமே. துணி பீரோ அங்கே, தையல் மெஷின் அங்கே, எல்லாவற்றுக்கும் மேலே மொட்டை மாடி. சித்திரை வெயிலில் கூழ் வடகம் பிழிந்து காய வைக்காத வருஷம் அவர் கணக்கில் வருஷமே இல்லை. போதாததற்கு, கால் சரியானால் சுவாமிமலைக்கு நடந்தே ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒவ்வொரு படியாக அங்கே 60 படி. வீட்டுப் படியில் ஏறாதவர் அங்கே எப்படி ஏறுவது?

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் இவர் பேச்சை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். படி ஏறுவதே பயிற்சிதான், பயந்து உட்கார்ந்தால்தான் மூட்டு இறுகும், ஆனால் பிடித்துக்கொண்டு ஏறணும் என்றார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். அத்தை அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நல்ல கால் எப்பவும் மேல்படியிலதான் இருக்கணும், அதுதானே கணக்கு?" என்றார். அதுதான் கணக்கு. ஏறும்போது உடம்பைத் தூக்குவதும், இறங்கும்போது உடம்பை மெதுவாக இறக்கிவிடுவதும் மேல்படியில் இருக்கிற கால்தான். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கால் முதலில் என்று மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும் என்பதும் அன்றைக்கே தீர்மானமாயிற்று. ஏறும்போது வலது கைக்கு வருகிற கைப்பிடி, இறங்கும்போது இடது கைக்குப் போய்விடும். அத்தைக்கு இடது தோளிலும் ஒரு பிடிப்பு உண்டு, அந்தக் கையை நம்பி எடையை விட முடியாது. பார்க்கப்போனால் பயப்பட வேண்டியது இறங்கும்போதுதான். ஏறும்போது தடுமாறினால் முன்னால் படி இருக்கிறது, முட்டி இடிக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தடுமாறினால் முன்னால் காற்று.

எங்கள் படியில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. திருப்பத்தில் சதுரமாக ஒரு லேண்டிங் விடாமல், முக்கோண வடிவில் மூன்று படிகளாகப் பிரித்திருந்தார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் செய்தது. உள்மூலையில் அந்தப் படிகளின் அகலம் ஒன்றுமில்லாமல் கூம்பிவிடும். முழுப் பாதமும் பதிகிற இடம் வெளிப்பக்கச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கைப்பிடிச் சுவரோ உள்பக்கம். அதைத் தொட்டுக்கொண்டு நடப்பவரை அது நேரே குறுகலான மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி முக்கோணப் படி இருந்தால், முதலில் பைப் வைக்க வேண்டியது சுவர்ப் பக்கம்.

விலை கேட்கப் போன இடத்தில் பெயராலேயே குழப்பம். கொத்தனாரிடம் மாடிப்படிக்குக் கைப்பிடி என்றால் அவர் செங்கல் கணக்கு போடுகிறார். அவருக்குக் கைப்பிடி என்றால் சுவர்தான். ஆசாரி தேக்கா, கோங்கா என்று மேல்கட்டையைப் பற்றிக் கேட்கிறார். வெல்டிங் பட்டறையில் அதே சொல்லுக்கு, படிக்குப் படி ஒரு கால், நடுவில் நாலு வரிசை சின்னப் பைப், மேலே ஒரு தடித்த பைப், முனையில் பளபளவென்று ஓர் உருண்டை என முழு ரெய்லிங்கே வந்துவிடுகிறது. மூன்று பேர் சொன்ன விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கடைசியில் பட்டறைத் தம்பியிடம், "சுவத்துல ஒத்தப் பைப் மட்டும், அடியில கொக்கி போட்டுத் தாங்கணும்" என்று ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினேன். "அட, பாத்ரூம் கிராப் பார்தான்க்கா, நீட்டமா கேக்குறீங்க" என்றார். அதேதான். ஆக, கடையில் பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள், கையோடு ஒரு படமும் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக் கேட்பதில் காசும் மிச்சம். ரெய்லிங் விலை ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அதில் கால்கள், நடுப் பைப்புகள், உருண்டை எல்லாம் அடக்கம். ஒத்தப் பைப்புக்கும் அதே விலையைப் போட்டால் சும்மா இருக்காதீர்கள். பைப் தனி, கொக்கி ஒன்றுக்கு இவ்வளவு, கூலி தனி என்று பிரித்துக் கேளுங்கள். அளவும் தரையோடு எடுக்கக் கூடாது, சரிவோடு எடுக்க வேண்டும். மிதி 10 அங்குலம், உயரம் 7 அங்குலம் உள்ள படியில் சரிவு 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். படிக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் ஒவ்வோர் அடி சேர்த்தால் கணக்கு சரியாக இருக்கும். பைப் இருபது அடி நீளத்தில்தான் வரும், மிச்சத் துண்டு நம்முடையது. அதைப் பட்டறையிலேயே விட்டு வராதீர்கள். குளியலறையில் வைக்க உதவும்.

இனி பருமன். இதைத்தான் யாரும் பேசுவதில்லை. கடையில் மாதிரிக்கு நிறுத்தியிருக்கும் ரெய்லிங்கில் எல்லாம் மேல் பைப் இரண்டு அங்குலம். பார்க்க கம்பீரமாக இருக்கும், வாசலில் வைத்தால் எடுப்பாகத் தெரியும். அதை அத்தை கையில் கொடுத்தால் கட்டை விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று எட்டவில்லை. "உலக்கை பிடிச்ச கை இது. அந்த உலக்கையே பிடிக்கிற இடத்துல இவ்வளவு பருமன் இருக்காது" என்றார். பட்டறைத் தம்பியிடம் வெட்டிப்போட்ட துண்டுகளாக நாலு அளவில் இரவல் வாங்கி வந்து, கூடத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னேன். பிடித்து இழுக்கவும் சொன்னேன். ஓரங்குல ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், சின்னதாகத் தெரிந்தது, விரல் நுனி உள்ளங்கையில் குத்துகிறது என்றார். ஒன்றரை அங்குல எஸ்எஸ், அதாவது எவர்சில்வர் பைப்பும், ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப்பும்தான் அவர் கைக்குச் சரியாக அடங்கின.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜிஐ பைப்பைச் சொல்கிற அளவும் எஸ்எஸ் பைப்பைச் சொல்கிற அளவும் ஒன்றல்ல. எஸ்எஸ்ஸில் ஒன்றரை அங்குலம் என்றால் வெளிவிட்டமே ஒன்றரை அங்குலம், 38 மில்லிமீட்டர். ஜிஐயில் ஒன்றேகால் அங்குலம் என்பது தண்ணீர்க் குழாய்க்கு உள்ளளவை வைத்து வந்த பெயர். வெளியே அளந்தால் 42 மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றரை அங்குல ஜிஐ வெளியே 48 மில்லிமீட்டர். பெயரை வைத்து வாங்கினால் கை ஏமாந்துவிடும். பொதுக் கட்டடங்களில் எல்லோரும் புழங்க வசதியாக இருக்க வேண்டும் என்று மத்திய நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கைப்பிடியின் விட்டம் 38 முதல் 45 மில்லிமீட்டர் என்றுதான் இருக்கிறது. அத்தையின் கை அதைப் படிக்காமலேயே அந்த எல்லைக்குள் வந்து நின்றது.

எதில் செய்வது என்பதற்கு நாகப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீடு பாடம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்லிப் போட்ட ரெய்லிங்கில், முதல் மழைக்காலம் முடிவதற்குள் பழுப்புத் திட்டு. தேய்த்தால் போகும், மறுபடி வரும். எஸ்எஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே பல ரகம். விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் 202. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். 304இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல். உப்புக்காற்று அடிக்கிற இடத்துக்கு 304கூட முழுசாகப் போதாது, மாலிப்டினம் கலந்த 316தான் தாக்குப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்எஸ் என்று சொல்பவர்கள் உண்டு. 202இலும் காந்தம் ஒட்டாது. சோதனைத் திரவம் என்று ஒன்று இருக்கிறது. பைப்பில் ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்துவிடும், 304 சிவக்காது. நல்ல பட்டறைகளில் வைத்திருப்பார்கள். இல்லை என்றால் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

எங்களுக்குக் கடல் தூரம், வீட்டுக்குள் இருக்கிற படி, 304 போதும் என்று முடிவு செய்தோம். வேதாரண்யம், வேளாங்கண்ணி, பூம்புகார்ப் பக்கம் இருப்பவர்கள் 316க்குக் காசு போதாவிட்டால் ஜிஐ பைப் போட்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிப்பது உத்தமம். மட்டமான எஸ்எஸ்ஸைவிட அது மரியாதையாக உழைக்கும். ஒன்று மட்டும்: ஜிஐயில் வெல்டிங் வைத்த இடத்தில் மேலே இருந்த துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அந்த இடத்துக்கு ஜிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். அந்தப் புகையும் நல்லதல்ல. மூடிய அறையில் சுவாசித்தால் சாயங்காலம் காய்ச்சல் மாதிரி வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, வீட்டுப் பெரியவர்களை அன்றைக்குத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, பைப் ஆயிற்று. அதை எதில் மாட்டுவது என்பதில்தான் எங்கள் வேலை இழுத்தது.

எங்கள் வீட்டின் கீழ்க்கட்டு இவருடைய தாத்தா காலத்தது. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மாடி பின்னால் எடுத்தது, சிமென்ட். படியின் கீழ்ப்பாதி பழைய சுவரை ஒட்டியும் மேல்பாதி புதுச் சுவரை ஒட்டியும் ஓடுகிறது. மேலே பூசியிருப்பதைப் பார்த்து எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் ஒரே வெள்ளை. டிரில் போட்டால் தெரிந்துவிடும். புதுச் சுவரில் துளையிடும்போது மெஷின் முனகியது, சாம்பல் நிறத்தில் தூள் விழுந்தது. கீழே வந்ததும் டிரில் வெண்ணெயாக இறங்கியது. முதலில் பூச்சுத் தூள், அப்புறம் கருஞ்சிவப்பில் மாவு மாதிரி செங்கல் தூள், ஓர் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. "வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்க்கா" என்று பட்டறைத் தம்பியோடு வந்த பையன் சொன்னான். கூட நின்ற கொத்தனார் ஆங்கர் போல்ட்டை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

காரணம் இதுதான். ஆங்கர் போல்ட்டை முறுக்க முறுக்க அதன் வால் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கும். கான்கிரீட் அந்த நெருக்கலைத் தாங்கும். பழைய நாட்டுச் செங்கல் தாங்காது, உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிடும். மாட்டின அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், ஆட்டினாலும் அசையாது. நாலு மாதம் கழித்து, யாராவது நிஜமாகவே தடுமாறி முழு எடையையும் போடுகிற அன்றைக்குப் பூச்சோடு பெயர்ந்து கையில் வரும். கைப்பிடியே இல்லை என்றால் மனிதர் ஜாக்கிரதையாக இறங்குவார். இருக்கிறது என்று நம்பி இறங்குகிறவருக்கு அது பெயர்ந்து வந்தால் கதி என்ன?

கொத்தனார் சொன்ன வழி பழைய வழிதான். கொக்கி வருகிற இடத்தில் நாலங்குலச் சதுரமாக, ஐந்தங்குல ஆழத்துக்குச் சுவரைக் குடைய வேண்டும். உள்பக்கம் வாயைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் இன்னும் நல்லது. தூளை ஊதி எடுத்து, குழியை நன்றாக நனைத்துவிட வேண்டும். நனைக்காவிட்டால் காய்ந்த செங்கல் சிமென்டில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும். கொக்கியின் வாலைப் பட்டைக் கம்பியில் செய்து, நுனியை இரண்டாகப் பிளந்து மேலும் கீழுமாக வளைத்து, கதவு நிலைக்கு வைக்கிற ஹோல்ட் ஃபாஸ்டைப் போலக் குழிக்குள் வைத்து, பொடி ஜல்லி போட்ட கான்கிரீட்டை இடித்து இறுக்க வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். அதுவரை அதில் பைப்பை ஏற்றவே கூடாது. பட்டறைக்காரருக்கு இந்த ஒரு வாரம் பிடிக்காது, இன்றைக்கே வெல்டு வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போகப் பார்ப்பார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இரண்டு நாள் வேலை, நடுவில் ஒரு வாரம் இடைவெளி என்று பேசிவிடுங்கள்.

சுவருக்கு மறுபக்கம் நம் அறையாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. துளையை முழுக்க மறுபக்கம் வரை போட்டு, அங்கே ஒரு பிளேட் வைத்து நட்டு முறுக்கிவிடலாம். எங்களுக்கு ஒரே இடத்தில் அப்படிச் செய்ய வாய்த்தது. ஸ்டோர் ரூமில் அந்த பிளேட் தெரிகிறது, அதில் ஒரு பையைத் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவராக இருந்தால் இதைப் பற்றி நினைக்காதீர்கள், வேறு வம்பு வரும். கொக்கிகளுக்கு இடையில் மூன்றடி, மிஞ்சினால் மூன்றரை அடி. வேலை முடிந்ததும் இவர் ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்திலும் பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து தொங்கிப் பார்த்தார். பட்டறைத் தம்பிக்கு முகம் சுருங்கியது. அவர் எதிரிலேயே பார்த்துவிடுவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது.

உயரத்துக்கு டேப்பை எடுக்கும் முன் ஆளை நிறுத்துங்கள். அத்தையைப் படியில் நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எங்கே வருகிறது என்று படியின் முன்விளிம்பிலிருந்து நேர் மேலே அளந்தோம். 31 அங்குலம் வந்தது. எனக்கு 34 வரும். நான் சொல்கிற அந்த வழிகாட்டு நெறிகளில் 760 முதல் 900 மில்லிமீட்டர், அதாவது 30 முதல் 35 அங்குலம் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். 32இல் வைத்தோம். எனக்கு இரண்டு அங்குலம் தாழ்ந்துதான் இருக்கிறது, அதனால் என்ன? மேல்படியிலும் கீழ்ப்படியிலும் அந்த உயரத்தைக் குறித்து, காவிப் பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டிவிட்டால் சுவரில் கோடு விழும். கொக்கிகள் அந்தக் கோட்டில்.

சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். குறைந்தால் விரல் முட்டி சுவரில் தேயும். நிறைய விட்டால் தடுமாறும்போது முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கொக்கி பைப்பின் அடிப்பக்கம் சேர வேண்டும். பக்கவாட்டில் சேர்த்தால் கை ஓடுகிற வழியில் குறுக்கே நிற்கும், அந்த இடத்தில் எல்லாம் பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். திருப்பத்திலும் அப்படித்தான், இரண்டு துண்டாக விட்டு நடுவில் இடைவெளி கொடுக்காமல், வளைவுத் துண்டு போட்டு ஒரே ஓட்டமாகச் சேர்க்கச் சொன்னோம். கூலி கொஞ்சம் கூடுதல்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடைசிப் படி எங்கே முடிகிறதோ அங்கேயே பைப்பை முடித்துவிடுவதுதான் வழக்கம். இரண்டு காலும் தரையில் பதியும்வரை கை பிடித்திருக்க வேண்டும் என்றால், பைப் கடைசிப் படியைத் தாண்டி ஓரடி போக வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கீழே கூடத்தில் பழைய சிவப்பு சிமென்ட் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டியதில் தரை உயர்ந்து, கடைசிப் படி மற்றப் படிகளைவிட ஒன்றரை அங்குலம் குள்ளமாகிவிட்டது. காலுக்கு ஒரு தாளம் உண்டு, ஏழு அங்குலம் இறங்கியே பழகிய கால் அங்கே எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே தரையில் மோதும். டைல்ஸ் போட்ட வீடுகளில் எல்லாம் கடைசிப் படியை ஒருமுறை அளந்து பாருங்கள். நாங்கள் அந்தப் படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறோம்.

பைப்பின் முனையைத் திறந்து விடக் கூடாது. புடவை முந்தானை, சட்டைக் கை எது வேண்டுமானாலும் மாட்டும். சுவர்ப் பக்கமாக வளைத்து முடிக்கச் சொல்லுங்கள். திறந்து விட்டால் ஒரு மாதத்துக்குள் குளவி மண் வைத்துக் குடியேறிவிடும், அது வேறு.

வெல்டிங் நடக்கும்போது படியின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். பொறி விழுந்தால் மொசைக்கிலும் கிரானைட்டிலும் கரும்புள்ளி, அது போகவே போகாது. முடித்துவிட்டு பஃபிங் போடும்போது மேல்பக்கத்தைக் கண்ணாடியாக்கிவிடுவார்கள். அடிப்பக்கம், கொக்கி சேர்கிற இடத்தில், வெல்டிங் கட்டி அப்படியே ரம்பமாக நிற்கும். விரல் நுனி ஓடுகிற இடமே அதுதான். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, பைப்பை முழுசாகச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பாக இழுத்து வந்தேன். திருப்பத்திலும் அடியில் இரண்டு கொக்கியிலும் நூல் பிடித்தது. அந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்ததும் தம்பி பேசாமல் கிரைண்டரை எடுத்தார்.

கைப்பிடிச் சுவர்ப் பக்கம் வேலை சுலபம். சுவரின் மேலேயே மூன்றங்குல உயரத்தில் குட்டைக் கால்கள் வைத்து அதே பைப்பை ஓட்டிவிட்டோம். நடுவில் குறுக்குப் பைப் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குறுக்கே வரிசையாகப் பைப் இருந்தால் பிள்ளைகள் ஏணியாக வைத்து ஏறுவார்கள். சுவரே இல்லாமல் முழு ரெய்லிங் வைப்பவர்கள் கம்பிகளை நெட்டுக்குத்தாக, நாலங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் போடச் சொல்லுங்கள். எங்கள் படியின் அகலமோ மூன்றடிதான். இரண்டு பக்கமும் பைப் வைத்தால் பீரோ ஏறுமா என்று இவருக்குக் கவலை. சுவர்ப் பக்கத்துப் பைப்பால் மூன்றரை அங்குலம் போயிற்று, உள்ளதுதான். இந்த வீட்டில் பீரோ ஏற்றியது இவருடைய கல்யாணத்தின்போது ஒரே ஒரு தடவை.

இதற்கு நடுவில் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனபோது தாராசுரத்தில் இறங்கினோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். மண்டபத்துப் படிகளின் இரு பக்கமும் செதுக்கி வைத்திருப்பதைக் கோயில் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பிடிச்சுவர் என்பார்கள். வேலைப்பாட்டைச் சொல்லி முடியாது. அத்தை நாலு படிக்கு என் தோளைத்தான் பிடித்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற கல்லை யார் பிடிக்க முடியும்?

இருட்டுக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. மெழுகுவர்த்தி ஒரு கையில், மறுகையால் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது மேலேயும் கீழேயும் டூ வே சுவிட்ச் போட்டாயிற்று. அதோடு, கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் வருகிற இடத்தில் பைப்பில் இரண்டு அங்குலத்துக்குப் பருத்திக் கயிறு நெருக்கமாகச் சுற்றியிருக்கிறோம். கை அதைத் தொட்டால் இன்னும் ஒரு படி என்று அர்த்தம். யோசனை அத்தையுடையது. கண்புரை இருக்கிறவர்களுக்கு வெள்ளைச் சுவரில் எவர்சில்வர் சரியாகத் தெரியாது. பைப்புக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு நீலப் பட்டை அடித்தோம். பார்க்க ரயில்வே ஸ்டேஷனாட்டம் இருக்கிறது என்று இவர் சொல்கிறார், சொல்லட்டும்.

ஆனால் எத்தனை நல்ல கைப்பிடியாக இருந்தாலும், கையில் முறம் இருந்தால் அது பிரயோஜனமில்லை. அத்தை இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர். முதல் வாரமே, இரண்டு பக்கமும் பைப் மின்ன, நடுவில் வடக மாவுத் தூக்கோடு போய்க்கொண்டிருந்தார். துணி என்றால் தோளில் குறுக்காக மாட்டுகிற ஜோல்னாப் பை. மற்றதுக்கெல்லாம் முற்றம் இருக்கவே இருக்கிறது. முற்றத்தின் மேல்விளிம்பில் பழைய கிணற்றுக் கப்பியை மாட்டி, கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை கட்டிவிட்டோம். கீழே இருந்து ஏற்றினால் மாடியில் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பாட்டில், காய்ந்த துணி, செல்போன் என்று இப்போது எல்லாமே அதில்தான் போய்வருகிறது, பேரன்கூட அதில் ஏற முயற்சி செய்தாயிற்று. முற்றம் இல்லாத வீடுகளில் வராந்தாவிலிருந்து தொங்கவிடலாம்.

பாக்கி இருப்பது வெளிப்படி. மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறுகிற படி திறந்த வெளியில் இருக்கிறது, மேற்கு வெயில் நேராக விழும். கத்திரி வெயிலில் அங்கே எவர்சில்வரைத் தொட முடியாது. மரம் என்றால் ஐப்பசி மழையில் முறுக்கிக்கொள்ளும். ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப் போட்டு, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, பிடிக்கிற இடம் முழுக்க நைலான் கயிறு சுற்றிவிடலாம் என்று பேச்சு. தேங்காய் நார்க் கயிறு கைக்கு இதமாக இருக்கும், ஆனால் மழையில் நாளாவட்டத்தில் இற்றுவிடும். மழையில் வெளியே வெல்டிங் வேண்டாம், பொங்கல் கழியட்டும் என்று பட்டறைத் தம்பி சொல்லிவிட்டார். "தை வெயில்ல மோர் மிளகாய் போடணுமே, அதுக்குள்ள வைக்கச் சொல்லு" என்கிறார் அத்தை. அதுவரைக்கும் மிளகாய்த் தட்டு என் பொறுப்பு.